தரங்கம்பாடிக் குளங்களிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு: மூன்று நீர்ச்செடிகளின் வரலாறு

மீன் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் நன்னீர்ச் செடிகளுள் அப்போனோகீட்டன், கிரிப்டோகோரைன், ஹைட்ரில்லா ஆகிய மூன்றும் உலகெங்கும் அறியப்பட்டவை. தமிழ்நாட்டுக் கடைகளிலும் இவை ஆங்கில அல்லது லத்தீன் பெயர்களில் விற்கப்படுவதால், வாங்குபவர்கள் பெரும்பாலும் இவற்றை வெளிநாட்டுச் செடிகள் என்றே கருதுகின்றனர். ஆனால் நவீனத் தாவரவியலுக்கு இவை மூன்றும் அறிமுகமானது 18-ஆம் நூற்றாண்டில், தென்னிந்தியாவில் பணியாற்றிய ஒரே மருத்துவர் ஐரோப்பாவுக்கு அனுப்பிய உலர்ந்த மாதிரிகளின் வழியாகத்தான். அவர் தங்கியிருந்த ஊர் தரங்கம்பாடி.

இந்த மூன்று செடிகளும் பின்னர் மூன்று வெவ்வேறு வழிகளில் சென்றன. ஒன்று நம் ஏரிகளில் பெயரோடு இருந்து பெயர் மறந்துபோனது. இன்னொன்று நாட்டு மருந்துக் கடைக்கும் மீன் தொட்டிக்கும் பொதுவானது. மூன்றாவது கடல் கடந்து சென்று அமெரிக்க ஏரிகளை மூடியது. மூன்றின் வரலாற்றிலும் திரும்பத் திரும்ப வருவது, நீர் வருவதும் வற்றுவதுமான தென்னிந்தியக் குளத்தின் இயல்பு.

தமிழில் நீர்ச்செடிகள்

குளத்துச் செடிகளைத் தமிழர்கள் தாவரவியல் நூல்கள் வருமுன்பே பிரித்து அறிந்திருந்தனர். ஆம்பல், நெய்தல், தாமரை, கொட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நீருக்குள் மூழ்கி வளரும் மெல்லிய செடிகள் பலவும் 'பாசி' என்ற பொதுப்பெயருக்குள் அடங்கின. தாவரவியலில் பாசி என்பது பூக்காத, வேர், தண்டு, இலை என்ற பிரிவில்லாத உயிரினம். பேச்சுவழக்கில் பூக்கும் செடியான ஹைட்ரில்லாவும் பாசிதான்.

ஔவையார் இயற்றியதாகக் கூறப்படும் மூதுரையில் கொட்டி இடம்பெறுகிறது. குளம் வற்றியதும் பறந்துபோகும் பறவைகளைப் போன்றவர்கள் உறவினர் அல்லர். அக்குளத்திலேயே தங்கிவிடும் கொட்டி, ஆம்பல், நெய்தல் போன்றவர்களே உறவினர் என்பது அப்பாடலின் கருத்து. இது வெறும் உவமை அன்று. நீர் வற்றும்போது கொட்டியின் இலைகள் அழுகி மறைந்துவிடும். சேற்றுக்குள் கிழங்கு மட்டும் உறங்கிக் கிடக்கும். அடுத்த மழைக்கு ஏரி நிறைந்ததும் அந்தக் கிழங்கிலிருந்து புதிய இலைகள் எழும். குளம் வற்றுவதையும் நிறைவதையும் பல ஆண்டுகள் பார்த்த ஒருவருக்கே அந்த உவமை தோன்றியிருக்கும்.

கொட்டிக்கிழங்கு உணவாகவும் பயன்பட்டது. கோடையில் வற்றிய குளத்தில் சேற்றைக் கிளறி எடுத்து அவித்து உண்பது தமிழ்நாட்டிலும் இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியிலும் இருந்த வழக்கம். சிங்களத்தில் 'கெக்கட்டிய' என்று அழைக்கப்படும் இதே பேரினத்துச் செடியின் பூத்தண்டு இன்றும் கறியாகச் சமைக்கப்படுகிறது.

தரங்கம்பாடியின் தாவரவியலாளர்

தரங்கம்பாடியில் 1620-ல் டேனியர்கள் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். 1706-ல் சீகன்பால்கு அங்கு வந்து சமயப்பணியையும் தமிழ் அச்சுப்பணியையும் தொடங்கினார். யோகான் கெரார்டு கோனிக் 1768-ல் அந்த மிஷனின் மருத்துவராக வந்து சேர்ந்தார். பால்டிக் கடலோர நாடான லிவோனியாவில் 1728-ல் பிறந்த கோனிக், ஸ்வீடனின் உப்சாலாவில் கார்ல் லின்னேயஸிடம் நேரடியாகப் பயின்றவர். செடிகளுக்கு இரண்டு சொற்களில் பெயர் சூட்டும் லின்னேயஸின் முறையை இந்தியக் களத்தில் முதலில் பயன்படுத்தியவர்களுள் அவர் முக்கியமானவர்.

மிஷன் தந்த ஊதியம் அவருடைய பயணங்களுக்குப் போதவில்லை. ஆகவே 1770-களில் ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவிடம் இயற்கை ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். பின்னர் 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசு அவரை நியமித்தது. மலாக்கா, சயாம், இலங்கை வரை பயணம் செய்து செடிகளைச் சேகரித்தார். 1785-ல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் இறந்தார்.

தம் சேகரிப்பைப் பற்றி கோனிக் பெரிய நூல் எதையும் எழுதவில்லை. உலர்த்திய செடிகளைத் தம் ஆசிரியருக்கும் நண்பர்களுக்கும் அனுப்பினார். அவர்கள் அவற்றுக்குப் பெயர் சூட்டி வெளியிட்டனர். எனவே தாவரவியல் நூல்களில் பெயருக்குப் பின்னால் வரும் ஆசிரியர் சுருக்கங்களில் கோனிக்கின் பெயர் பல இடங்களில் இல்லை. நம் மூன்று செடிகளும் அவ்வகையைச் சேர்ந்தவை.

கோனிக்கைச் சுற்றித் தரங்கம்பாடியில் ஒரு தாவரவியல் வட்டம் உருவானது. அவ்வட்டத்தில் இருந்த யோகான் பீட்டர் ராட்லர் பின்னாளில் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தார். செடி சேகரித்தவரே சொல்லும் சேகரித்தார் என்பது அக்கால மிஷன் அறிவுலகத்தின் இயல்பைக் காட்டுகிறது.

கொட்டி: அப்போனோகீட்டன் நேட்டன்ஸ்

கோனிக் அனுப்பிய கொட்டியை லின்னேயஸ் 1771-ல் 'சவுரூரஸ் நேட்டன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். 'நேட்டன்ஸ்' என்றால் லத்தீனில் நீந்துவது என்று பொருள். நீர்ப்பரப்பில் மிதக்கும் அதன் இலைகளை அது குறிக்கிறது. 1782-ல் லின்னேயஸின் மகன் அப்போனோகீட்டன் என்ற பேரினத்தை அமைத்தபோது, இந்தியக் கொட்டியே அப்பேரினத்தின் அடிப்படையாக அமைந்தது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆசியா, ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள அப்பேரினத்தின் செடிகள் அனைத்தும் தம் பொதுப்பெயரைப் பெற்றது இந்தக் கொட்டியை ஒட்டித்தான்.

மீன் தொட்டி வளர்ப்பவர்களுக்குக் கொட்டியைவிட, அலை அலையான இலை விளிம்பு கொண்ட அப்போனோகீட்டன் கிரிஸ்பஸ் அதிகம் பழக்கமானது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் அச்செடியின் இலைகள் பெரும்பாலும் நீருக்குள்ளேயே இருப்பதால் தொட்டிக்கு ஏற்றது. கடைகளில் அப்பெயரில் விற்கப்படுபவற்றில் பல, கொட்டியும் கிரிஸ்பஸும் கலந்து உருவான கலப்பினங்கள்.

இவற்றின் கிழங்கை வாங்கித் தொட்டியில் இடுபவர்கள் சில மாதங்களில் ஒரு குழப்பத்தைச் சந்திக்கிறார்கள். நன்றாக வளர்ந்த செடி திடீரென இலைகளை உதிர்க்கிறது. செத்துவிட்டது என்று எண்ணிக் கிழங்கை எறிந்துவிடுகிறார்கள். உண்மையில் அது ஓய்வுக்குச் செல்கிறது. தொட்டியில் நீர் வற்றாவிட்டாலும், கோடையில் வற்றும் ஏரியின் பழக்கம் கிழங்கைவிட்டுப் போகவில்லை. சில வாரங்கள் விட்டுவைத்தால் மீண்டும் துளிர்க்கும்.

நாட்டு அதிவிடயம்: கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ்

வயல் வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் புல்லோடு புல்லாக வளரும் ஒரு சிறு செடியையும் கோனிக் சேகரித்தார். சேனை, சேம்பு குடும்பத்தைச் சேர்ந்தது அது. தரங்கம்பாடியிலிருந்து வந்த மாதிரியை வைத்து, ஸ்வீடனின் லுண்டு நகரப் பேராசிரியர் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் 1779-ல் அதற்கு 'ஆரம் ஸ்பைராலே' என்று பெயரிட்டார். பின்னர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஃபிஷர் அதைத் தனிப் பேரினமாகக் கருதி, கிரிப்டோகோரைன் என்று பெயர் தந்தார். அப்பெயர் 1830-ல் வீட்லர் என்பவரின் கட்டுரை வழியாக அச்சேறியது. இன்று உலக மீன் தொட்டிகளில் 'கிரிப்ட்' என்று செல்லமாக அழைக்கப்படும் செடிகள் அனைத்துக்கும் பேரின அளவில் முன்மாதிரி, தரங்கம்பாடியிலிருந்து சென்ற இந்தச் செடிதான்.

கிரிப்டோகோரைன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'மறைந்த தண்டாயுதம்' என்று பொருள். சேம்புக் குடும்பத்துப் பூங்கொத்து தடித்த தண்டு போல இருக்கும். அதைச் சுற்றி ஒரு மடல் இருக்கும். இந்தச் செடியில் மடலின் அடிப்பகுதி மூடிய சிறு குடம்போலாகிப் பூத்தண்டை முழுக்க மறைத்துவிடுகிறது. மணத்தால் ஈர்க்கப்பட்டு உள்ளே நுழையும் சிறு ஈக்கள் அந்த அறையில் சிக்கிக்கொள்கின்றன. பெண்பூக்கள் முதலில் முதிர்ந்து, ஈக்கள் கொண்டுவந்த மகரந்தத்தைப் பெறுகின்றன. பின்னர் ஆண்பூக்கள் மகரந்தத்தை உதிர்க்க, அதைச் சுமந்து ஈக்கள் வெளியேறுகின்றன. ஸ்பைராலிஸ் இனத்தில் மடலின் நுனி ஊதா நிறத்தில் முறுக்கிய கயிறுபோல நீண்டிருக்கும். ரெட்சியஸ் சூட்டிய பெயர் அந்த முறுக்கைக் குறித்தது.

மழைக்காலத்தில் இச்செடி நீரில் மூழ்கி, இலைகளை மட்டும் வளர்க்கிறது. நீர் வடிந்து ஈரமண் வெளிப்படும்போது பூக்கிறது. எப்போதும் நீர் நிறைந்திருக்கும் தொட்டியில் இது அரிதாகவே பூப்பதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளில் இதன் கிழங்கு 'நாட்டு அதிவிடயம்' என்ற பெயரில் அறியப்பட்டது. உண்மையான அதிவிடயம் இமயமலையில் விளையும் வேறொரு குடும்பத்துச் செடி; விலையும் அதிகம். அதற்கு மாற்றாக உள்ளூரில் கிடைத்த இந்தக் கிழங்கு விற்கப்பட்டது. 'நாட்டு' என்ற அடைமொழி அதைத்தான் சொல்கிறது. இதே செடி இன்று 'டைகர்', 'ரெட்' போன்ற வணிகப் பெயர்களுடன் தொட்டிச் செடியாகவும் விற்பனைக்கு வருகிறது.

கண்ணாடித் தொட்டியின் வருகை

கோனிக் காலத்தில் இச்செடிகளை ஐரோப்பாவில் உயிரோடு பார்ப்பது அரிது. காகிதத்தில் ஒட்டிய உலர்ந்த மாதிரிகளே கிடைத்தன. இந்நிலையை மாற்றியது 1850-ல் லண்டன் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் வெளியிட்ட சோதனை. ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் சில நத்தைகளையும் சேர்த்து வைத்தார். செடி உயிர்வளியைத் தந்தது. மீனின் கழிவு செடிக்கு உரமானது. அழுகிய இலைகளை நத்தைகள் தின்றன. நீரை அடிக்கடி மாற்றாமலே தொட்டி தெளிவாக இருந்தது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. சென்னை மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் 1909-ல் வந்தது.

மீன் தொட்டி வீட்டுப் பொருளானதும், அதற்கான செடிகளுக்குச் சந்தை உருவானது. நிழலிலும் வளரக்கூடிய, மெதுவாக வளரும், நீருக்குள்ளேயே இலை விடும் செடிகள் தேவைப்பட்டன. இலங்கையின் மலையோடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் இனங்கள் இதற்கு மிகப் பொருத்தமாக இருந்தன. அவற்றுள் புகழ்பெற்ற கிரிப்டோகோரைன் வெண்ட்டியை நெதர்லாந்துத் தாவரவியலாளர் டி விட் 1958-ல் விவரித்தார். செடிக்கு அவர் சூட்டியது ஆல்பர்ட் வெண்ட் என்ற ஜெர்மானிய மீன் தொட்டி ஆர்வலரின் பெயர். ஓர் இலங்கைச் செடி அறிவியல் பெயர் பெறுமுன்பே ஐரோப்பிய வீடுகளில் வளர்ந்துகொண்டிருந்தது.

ஹைட்ரில்லா: போன இடத்தில் களை

கோனிக் இந்தியாவிலிருந்து அனுப்பிய மூன்றாவது செடியை லின்னேயஸின் மகன் 1782-ல் 'செர்ப்பிகுலா வெர்டிசில்லேட்டா' என்று விவரித்தார். இன்று அது ஹைட்ரில்லா வெர்டிசில்லேட்டா. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு இது தெரிந்த செடி. முகவையில் செடியை வைத்து, புனலைக் கவிழ்த்து, அதன்மேல் சோதனைக் குழாயை நிறுத்தி, வெயிலில் எழும் குமிழிகளைக் காட்டும் ஒளிச்சேர்க்கைச் சோதனையில் பயன்படுவது இதுவே.

ஹைட்ரில்லாவின் ஆற்றல் அதன் எளிமையில் இருக்கிறது. ஒரு கணுவுள்ள சிறு துண்டு போதும், புதிய செடியாகும். மிகக் குறைந்த ஒளியிலும் உணவு தயாரிக்கும். சேற்றுக்குள் சிறு கிழங்குகளை விட்டுச்செல்லும். அவை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

1950-களின் தொடக்கத்தில் மீன் தொட்டி வணிகத்துக்காக ஹைட்ரில்லா இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 'இந்திய நட்சத்திரக் கொடி' என்ற பொருள்படும் பெயரில் விற்கப்பட்டது. தாம்பா நகரருகே ஒரு வாய்க்காலுக்குள் சென்ற செடி அங்கேயே பெருகியது. 1960-ல் மயாமி அருகிலும் கிரிஸ்டல் ஆற்றிலும் காணப்பட்டபோது அதை வேறொரு செடி என்றே முதலில் நினைத்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் படகுகள் செல்ல முடியாதபடி ஏரிகளை மூடியது. ஃபுளோரிடாவில் இருப்பவை பெண்செடிகள் மட்டுமே. விதையே இல்லாமல், துண்டுகளாலும் கிழங்குகளாலும் மட்டுமே அத்தனை பரப்பையும் பிடித்தது. மரபணு ஒப்பீடுகள் அச்செடிகளுக்குத் தென்னிந்தியச் செடிகளோடு உள்ள நெருக்கத்தைக் காட்டின.

கட்டுப்படுத்தும் வழியைத் தேடி ஆய்வாளர்கள் செடியின் தாயகத்துக்கு வந்தனர். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஹைட்ரில்லாவின் கிழங்கைத் தின்னும் 'பேகஸ் அஃபினிஸ்' என்ற கூன்வண்டு கண்டறியப்பட்டு, 1987-ல் ஃபுளோரிடாவில் விடப்பட்டது. ஆனால் அது அங்கே நிலைக்கவில்லை. நீர் வற்றி, கரைச்சேறு வெளிப்படும்போதுதான் அந்த வண்டின் புழு கிழங்கை அடைய முடியும். நம் ஏரிகள் ஆண்டுதோறும் வற்றுகின்றன. ஃபுளோரிடா ஏரிகள் அப்படி வற்றுவதில்லை. இங்கே கோடையும் வண்டும் சேர்ந்து கட்டுக்குள் வைத்திருந்த செடி, இரண்டும் இல்லாத இடத்தில் கட்டுமீறியது.

பாலாற்றங்கரையில்

நீர் வற்றுவதைத் தாங்கும் இச்செடிகள் எதைத் தாங்காது என்ற கேள்விக்கு வேலூர் வட்டாரம் ஒரு பாடம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. பாகாயத்தை ஒட்டிய ஓட்டேரி ஏரி போன்றவை மழையை நம்பியவை. இங்கே வறட்சி புதிதல்ல. நீர்ச்செடிகளும் அதற்குப் பழகியவை.

புதிதாக வந்தது தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என நீளும் தோல் பட்டையில் பல்லாயிரம் குடும்பங்கள் இத்தொழிலால் வாழ்கின்றன. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பும், பதனிடக் குரோமியமும் பயன்படுகின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகக் கூறும் ஆய்வை அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்புகளுள் இது முதன்மையானது.

தாவரவியல் நோக்கில், மூழ்கி வளரும் செடி இத்தகைய நீருக்கு மிக எளிதில் இரையாகும். நிலத்துச் செடியின் இலைமேல் நீர் இழப்பைத் தடுக்கும் மெழுகுப்படலம் இருக்கும். நீருக்குள் வாழும் இலைக்கு அது தேவையில்லை. படலம் மிக மெல்லியது. அதனால் சத்துகளை வேர் வழியாக மட்டுமல்லாமல் இலை முழுவதாலும் உறிஞ்சுகிறது. நீரில் சத்து இருந்தால் சத்தும், நச்சு இருந்தால் நச்சும் நேராக உள்ளே போகும். லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் தோல் ஆலைக் கழிவுநீரில் வாலிஸ்நேரியாவை வளர்த்துப் பார்த்தபோது, செடி குரோமியத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டதையும் அதன் பச்சையம் குறைந்ததையும் பதிவு செய்தனர். இப்பண்பால் நீர்ச்செடிகளை மாசின் அளவுகோலாகவும் பயன்படுத்த முடியும். ஏரியில் எந்தச் செடி இருக்கிறது, எது மறைந்தது என்பது நீரைப் பற்றிய ஒரு சாட்சியம்.

கொட்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வறண்ட ஏரியில் ஒன்றுமில்லை என்று எண்ணி மண் கொட்டி நிரவும்போது, சேற்றுக்குள் உறங்கும் கிழங்கும் புதைந்துபோகிறது. வற்றிய குளம் செத்த குளம் அன்று என்பது மூதுரைக் காலத்தில் தெரிந்திருந்த செய்தி.

எதிர்த்திசையில் வந்தவை

செடிகளின் பயணம் ஒருவழிப் பாதையல்ல. தென் அமெரிக்காவிலிருந்து பூவழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை இன்று தமிழ்நாட்டு ஏரிகளின் தலையாய களை. மீன் தொட்டிச் செடியான அமெரிக்கக் கபோம்பா கேரள வாய்க்கால்களில் பரவியுள்ளது. 2020-ல் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப் பாண்டியில் அது இளஞ்சிவப்பாகப் பூத்தபோது மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று படம் எடுத்தனர். செடியைப் பறித்துச் சென்று வேறு நீர்நிலையில் விட வேண்டாம் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்க வேண்டியிருந்தது. ஃபுளோரிடாவில் ஹைட்ரில்லா செய்ததை இங்கே கபோம்பா செய்யக்கூடும்.

இன்று சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து வேலூர்க் கடைகள் வரை நீர்ச்செடிகள் கட்டுக் கட்டாக விற்பனையாகின்றன. தொட்டியைக் கழுவும்போது நறுக்கிய தண்டுகளை வாய்க்காலில் கொட்டாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் இடுவது ஒரு சிறிய செயல்தான். ஒரு துண்டு போதும் என்பதை ஹைட்ரில்லாவின் வரலாறு காட்டியிருக்கிறது.

கோனிக்கின் கையில் கிடைத்த கொட்டி இன்றும் மாசுபடாத, மண் நிரவாத ஏரிகளில் மழைக்குப் பின் எழுகிறது. நீள்வட்ட இலைகள் நீர்மேல் படர, நடுவே ஒற்றைக் கதிராக வெளிறிய ஊதாப் பூக்கள் நிற்கும். அதற்குத் தேவைப்படுவது ஆண்டு முழுதும் நிறைந்த ஏரி அன்று. வற்றினாலும் ஏரியாகவே விடப்படும் நிலம்.